அக்காவின் கையும் சார்ஜரின் கழுத்தும்

அக்காவுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஜன்னல் திரை தைத்துக் கொடுப்பது தொழில். தையலில் ஒரு பிசிறு இருக்காது. ஆனால் சார்ஜர் மட்டும் அவள் கையில் தங்கவே தங்காது. வாங்கிய இரண்டாம் வாரமே, போனில் செருகும் பின்னுக்குள் ஒயர் நுழையும் இடத்தில் கழுத்து தொங்கிப்போகும். அதற்கப்புறம் போனை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அடியில் நூல்கண்டை முட்டுக் கொடுத்து, எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தால்தான் சார்ஜ் ஏறும். யாராவது தும்மினால் போச்சு.

இதில் கொடுமை என்னவென்றால், அவளுடைய தம்பிக்கு வேலையே சார்ஜர் சோதிப்பதுதான். அவனுடைய சோதனைக்கூடத்தில் ஓர் இயந்திரக் கை பகலெல்லாம் பின்னைச் செருகிச் செருகி உருவும். இன்னொன்று ஒயரை இடமும் வலமுமாக மடக்கும். சூட்டுப் பெட்டிக்குள் சார்ஜர்கள் வெந்துகொண்டே பேட்டரிகளுக்கு மின்சாரம் ஊட்டும். இத்தனையிலும் தேறி வந்ததைத்தான் தம்பி வீட்டுக்குக் கொண்டுவருவான். அக்கா அதையும் முடித்துவிடுவாள்.

“என்னத்தடா டெஸ்ட் பண்றீங்க? தொட்டாலே போயிடுது.”

“நீ எங்கக்கா தொடற? பிடிச்சுத் தொங்கற.”

ஒருநாள் வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய சார்ஜர்கள் மூட்டையாக வந்து இறங்கின. தம்பி பிரித்துப் பார்த்தான். எல்லாவற்றிலும் அதே கழுத்து, அதே முறிவு. “எங்க அக்கா கைவேலை மாதிரியே இருக்கு சார்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டான்.

மேலாளர் சிரிக்கவில்லை. மெஷின் நேராக இழுக்கிறது; ஊர் உலகம் கோணலாக இழுக்கிறது என்பது அவருக்கு அந்த நிமிடமே உறைத்துவிட்டது. “நாளைக்கே அவங்களைக் கூட்டிட்டு வாங்க” என்றார்.

அக்கா முதலில் முறுக்கிக்கொண்டாள். “உடைக்கிறதுக்குன்னு ஒருத்தியைக் கூப்பிடுவாங்களா? மானம் போகுதுடா.” ஆனால் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிவிட்டதும் ஆளே மாறிப்போனாள். சார்ஜரை இரண்டு விரலால், தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல எடுத்தாள். வேலை முடிந்ததும் ஒயரை வட்டமாகச் சுற்றித் துணியால் துடைத்து வைத்தாள். மாதம் ஒன்று ஓடிற்று. சார்ஜர் அப்படியே மின்னியது.

“இவங்க கையில எதுவும் தங்காதுன்னு சொன்னீங்களே!” என்று மேலாளர் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

வீட்டு நினைப்பு வந்தால் வழிக்கு வருவாள் என்று, சோதனைக்கூடத்துக்குள்ளேயே அக்காவின் முன்னறையை அப்படியே கட்டினார்கள். சோபா வந்தது, தையல் மெஷின் வந்தது. வெளியே எதுவும் தெரியாத ஜன்னல் ஒன்றுகூட வைத்தார்கள். அக்கா அதற்கு அழகாகத் திரை தைத்து மாட்டினாள். சார்ஜரைத்தான் உடைக்கவில்லை.

அப்போதுதான் சின்னக்கா போன் செய்தாள். அக்காவுக்கு அடுத்துப் பிறந்தவள். இருவருக்கும் நடுவில் அம்மாவின் பீரோ விஷயமாக ஒரு பழைய வழக்கு உண்டு.

“அக்கா, பீரோ கதவு கிரீச்சுங்குது. உன்கிட்ட இருந்தப்போ ஒரு சொட்டு எண்ணெய் விட்டிருப்பியா நீ?”

அக்கா சார்ஜில் இருந்த போனோடு எழுந்தாள். ஒயர் விறைத்தது. அதை விரலில் சுற்றிக்கொண்டாள். “ஏன்டி” என்று ஒரு இழு. “நானா” என்று ஒரு முறுக்கு. சார்ஜர் கழுத்து தொங்கியது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த பொறியாளர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அன்று மாலையே தம்பி சின்னக்கா வீட்டுக்கு ஓடினான். “தினமும் அக்காவைக் கூப்பிட்டுச் சண்டை போடணும். ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க.”

“அதுக்கு ஆபீஸ் எதுக்குடா? நான் சும்மாவே போடுவேனே.”

“டீ பிரேக்குக்கு முன்னாடி போட்டுடு. அப்பதான் எல்லாரும் பார்க்க முடியும்.”

வரிசையாகச் சார்ஜர்கள் மாண்டன. ஒவ்வொரு முறிவையும் பார்த்துப் பொறியாளர்கள் ஒயரின் கழுத்தில் தடித்த ரப்பர் பட்டை போட்டார்கள். பட்டையை நீட்டினார்கள், வளைத்தார்கள். இதற்கிடையில் சின்னக்காவிடம் சரக்கு தீர்ந்துபோயிற்று. ஒருநாள், “ஒண்ணுமில்லக்கா. நீ தச்ச திரை நல்லாத்தான் இருக்கு” என்றாள்.

அக்கா பதறிவிட்டாள். “உடம்பு கிடம்பு சரியில்லையாடி?”

சின்னக்கா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். அக்கா விரலில் சுற்றியிருந்த ஒயரை அவிழ்த்தாள்.

“தினமும் என் ஞாபகம் வருதேன்னு நெனச்சேன்” என்றாள் அக்கா. “கூப்பிடற நேரத்துக்கு மெஷினை நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பேன்டி.”

மறுநாள் சின்னக்கா நேரிலேயே வந்துவிட்டாள். பொய் ஜன்னலுக்குக் கீழே சோபாவில் இருவரும் ஒட்டி உட்கார்ந்து, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார்கள். மேலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். கம்பெனியின் ஒரே சண்டை சமாதானமாகிக்கொண்டிருந்தது.

“பீரோ உன்கிட்டயே இருக்கட்டும்” என்றாள் அக்கா.

“என்ன, பெருந்தன்மையா குடுக்கற மாதிரி பேசற? அம்மா எனக்குத்தானே குடுத்தாங்க?”

“எப்ப குடுத்தாங்க? எனக்குக் குடுத்தப்போ எடுத்த போட்டோவே இருக்கு, பாரு!”

சார்ஜில் இருந்த போனை அக்கா இழுத்தாள். “எங்க, காட்டு!” என்று சின்னக்கா பிடுங்கினாள். ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் படாரென்று ஒரு சத்தம். சுவரிலிருந்த சுவிட்ச் போர்டு ஆணியோடு பெயர்ந்து வந்து சோபாவில் விழுந்தது. சார்ஜர் மட்டும் கழுத்து நிமிர்ந்து அப்படியே இருந்தது.

தம்பி அதை எடுத்து வேறு போர்டில் செருகினான். போன் பீப் என்றது. மேலாளர் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு ஓடி வந்தார். “சார்ஜர் பாஸ்! சுவர்தான் ஃபெயில்!”

செய்தி பரவ நாளாகவில்லை. அடுத்த தெரு சுவிட்ச் போர்டு கம்பெனி வேனே அனுப்பிவிட்டது. இப்போது அக்காவும் சின்னக்காவும் காலையில் ஒன்றாகக் கிளம்புகிறார்கள். வேனில் ஜன்னல் ஓர இருக்கை யாருக்கு என்பதில் தினமும் தகராறு. டிரைவர் இதுவரை மூன்று கைப்பிடி மாற்றிவிட்டார்.