ஆண் பாட்டும் என் கட்டைக் குரலும்

1. மேல் சுருதி கைவிட்ட நாள்

கோட்டாறு பக்கம் ஒரு கல்யாண வரவேற்பில் பாடிக்கொண்டிருந்தபோது, சரணத்தின் உச்சியில் என் குரல் உடைந்தது. வருடக்கணக்காகப் பாடிய பாட்டுதான். அன்று அந்த இடத்தில் வெறும் காற்றுதான் வந்தது. கீபோர்டு வாசிக்கும் ஷாஜி சட்டென்று அந்த வரியை வாசித்து மறைத்துவிட்டான். பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பலருக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ட்ரூப்பை நடத்தும் ராஜமணி மாஸ்டருக்குத் தெரியாமல் இருக்குமா?

மேடையை விட்டு இறங்கியதும் கேட்டார். "ஏட்டி ஸ்டெல்லா, என்ன ஆச்சு? சளி பிடிச்சிருக்கா?"

"சளி ஒண்ணும் இல்ல மாஸ்டர். கொஞ்ச நாளாவே மேல போனா கிட்ட மாட்டேங்குது."

அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. சபைப் பாடகர் குழுவில் சோப்ரானோ என்னும் உயர்ந்த பெண் குரலில் பாடி, அங்கிருந்து மெல்லிசை மேடைக்கு வந்தவள் நான். எங்கள் ட்ரூப்பில் பெண் குரல் என்றால் நான்தான். ட்ரூப் பாடகியின் வேலை, சினிமாவில் பாடியவர் எப்படிப் பாடினாரோ அப்படியே பாடுவது. மூச்சு விடும் இடம்கூட மாறக்கூடாது. கண்ணை மூடிக் கேட்டால் ரெக்கார்டு ஓடுவது போலவே இருக்கிறது என்பார்கள். அதற்கு மேல் ஒரு பாடகிக்கு என்ன வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

நாகர்கோவிலில் தொண்டை டாக்டரம்மா கேமரா விட்டுப் பார்த்தார். "கட்டி, புண்ணு ஒண்ணும் இல்ல. மாதவிடாய் நிக்கிற வயசுல சிலருக்குக் குரல் தடிச்சு கீழ எறங்கும். இது நோய் இல்ல. நல்லாப் பாடலாம். மேல எட்டிப் பிடிக்கப் போயி கத்தாம இருந்தாப் போதும்."

நோய் என்றால் மருந்து கேட்டிருக்கலாம். இல்லை என்றதும் என்ன கேட்பது என்று தெரியாமல் எழுந்து வந்தேன்.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. நிகழ்ச்சி நடக்க வேண்டும் அவருக்கு. பென்சி என்ற சின்ன வயதுப் பாடகியை அழைத்து வந்தார். உயரப் பாட்டெல்லாம் அவளுக்குப் போயிற்று. எனக்குக் கோரஸும் அறிவிப்பும். "நீ நல்லாப் பேசுவ இல்லா, மைக்கப் பிடிச்சுப் பேசு" என்றார். சிரித்துக்கொண்டே தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து கணவரிடம், "இந்தக் கிறிஸ்மஸோட நிறுத்திரலாம்னு இருக்கேன்" என்றேன். "ஒனக்க இஷ்டம்" என்றார். நிறுத்தாதே என்று சொல்வார் என எதிர்பார்த்திருக்கிறேன். அழுகை வந்துவிட்டது.

2. ஒத்திகையில் வந்த பாட்டு

புதுக்கடையில் மாஸ்டரின் கடை மாடியில்தான் எங்கள் ஒத்திகை. ஒருநாள் ஆண் பாடகர் ரெஜி வரத் தாமதமானது. இடையிசையைச் சரிபார்க்க யாராவது பாட வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் ஓர் அப்பா மகளை நினைத்துப் பாடும் பழைய சினிமாப் பாட்டு அது.

"அக்கா, சும்மா அடையாளத்துக்குப் படியுங்க" என்றான் ஷாஜி. பாடுவதை எங்கள் ஊரில் படிப்பது என்போம். ஆண் சுருதி எனக்கு ரொம்பக் கீழே இருக்கும் என்று ட்ரான்ஸ்போஸ் பட்டனை அழுத்தி நாலு சுருதி ஏற்றித் தந்தான்.

முதல் வரியிலேயே தெரிந்தது. குரல் எதையும் எட்டிப் பிடிக்கவில்லை. நெஞ்சிலிருந்து தடிமனாக, நிதானமாக வந்தது. எனக்கே அது புதிய ஆள் போல இருந்தது.

"கொள்ளாம் அக்கா, நல்லா இருக்கு" என்றான் ஷாஜி. "ஆனா சினிமாவில படிச்சவரைப் போல இழுக்காண்டாம். நம்மகிட்ட பேசும்போ எப்பிடிச் சொல்லுவீங்களோ, அப்பிடிச் சொல்லுங்க."

எங்கள் ஊர்ப் பேச்சில் ஒரு ஏற்ற இறக்கம் உண்டு. வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். மேடையில் அதை மறைத்தே பழகியிருந்தேன். அன்று மறைக்காமல் பாடினேன்.

முடித்தபோது வாசலில் ஒரு அம்மா நின்றிருந்தார். பெயர் லில்லி. மகள் கல்யாணத்துக்கு ட்ரூப் பேச வந்தவர்.

"ஆரு படிச்சது? இவங்களா?"

"அது சும்மா ஒத்திகை. கல்யாணத்துக்கு ரெஜி படிப்பாரு" என்றார் மாஸ்டர்.

"வேண்டாம். இவங்கதான் படிக்கணும். நான் குவைத்தில நர்ஸ் வேலை பாத்துத்தான் எனக்க பிள்ளைய வளத்தேன். அங்க இந்தப் பாட்டக் கேக்கும்போ எல்லாம், அப்பன்மாருக்கு மட்டுந்தான் பாட்டு உண்டான்னு தோணும்."

அவர் போனதும் மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "பார்ட்டி கேட்டாச்சு, செரி. ஆனா ஆம்பிளைப் பாட்டப் பொம்பிளை படிச்சு ஜனம் சிரிச்சா ட்ரூப்புக்க பேரு போவும். அதுக்குப் பெறவு எனக்கிட்ட பாட்டு கேக்கப்பிடாது."

"சிரிச்சா கேக்க மாட்டேன் மாஸ்டர்."

3. லில்லி வீட்டுக் கல்யாணம்

ஷாஜியும் நானும் உட்கார்ந்து அந்தப் பாட்டைப் பிரித்தோம். பல்லவிக்கு ட்ரம்ஸ் வேண்டாம் என்றேன். எக்கோவைக் குறைக்கச் சொன்னேன். மூலப் பாடகர் உச்சத்துக்கு ஏறும் இடத்தில் நான் ஏறவில்லை. கீழே இறங்கி மெதுவாகச் சொல்வது என்று வைத்துக்கொண்டேன். இத்தனை வருடப் பாட்டு வாழ்க்கையில் ஒரு பாட்டு எப்படி இருக்க வேண்டும் என்று நான் முடிவெடுத்தது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்தன்று மத்தியானம், மண்டபம் நிறையக் கூட்டம். பாட்டின் முன்னிசை வந்ததும் முன்வரிசைப் பையன்கள் இரண்டு பேர், "அக்கா, ரெஜி அண்ணன் எங்க?" என்று கத்திச் சிரித்தார்கள். ஷாஜியைப் பார்த்தேன். கண்ணால் 'படியுங்க' என்றான். தொடங்கினேன்.

மணமக்கள் பக்கத்தில் லில்லி போட்டோவுக்கு நின்றிருந்தார். "ஆன்ட்டி, இங்க பாருங்க" என்று போட்டோக்காரர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். லில்லி என்னைப் பார்த்துத் திரும்பியவர், பாட்டு முடியும்வரை கேமரா பக்கம் திரும்பவே இல்லை. மணப்பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். சிரித்த பையன்களில் ஒருவன் பக்கத்தில் பேசியவனை, "சும்மா இருலே" என்று அதட்டியது எனக்குக் கேட்டது.

முடிந்ததும் கைதட்டல். கூடவே மாப்பிள்ளையின் மாமா, "போதும் அழவச்சது, ஒரு குத்துப் பாட்டு போடுங்க!" என்றார். மண்டபமே சிரித்தது, நானும் சிரித்தேன். மேடையோரம் இருந்த பெரியவர் ஒருவர் மாஸ்டரிடம், "இது பொம்பிளைக்கு உள்ள பாட்டுதானே? இதை ஆம்பிளை ஆராவது படிச்சிருக்கானா?" என்று கேட்டார். மாஸ்டர் என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"இப்பப் படிச்சது எங்க ட்ரூப்புக்க சீனியர் பாடகி ஸ்டெல்லா. வீட்டுக்காரங்க சம்மதிச்சா இன்னொருக்காப் படிப்பாங்க."

எனக்கு அவர் அறிவிப்பு சொன்னது அதுதான் முதல் முறை.

4. இப்போது

இப்போது எனக்கு ஐம்பத்து நாலு வயது. எங்கள் நிகழ்ச்சியில் அரை மணி நேரம் என்னுடையது. பாட்டு, சுருதி, வேகம் எல்லாம் நானே தீர்மானிக்கிறேன். எல்லாம் சரியாக அமைந்துவிடவில்லை. சில பாட்டுகள் சுருதியை மாற்றியதும் செத்துப்போயின, விட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் மாமா கேட்டது போன்ற குத்துப் பாட்டு என் குரலுக்கு நன்றாக வரும் என்று பிறகுதான் தெரிந்தது. தேங்காய்ப்பட்டணம் கோயில் திருவிழாவில் பென்சி மேலே பாட, நான் கீழே பாட, ஒரு ஜோடிப் பாட்டை இரண்டு பெண்களாகப் பாடினோம். மறு வருடம் அதையே கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

நாற்பது வயதுக்கு மேல் பாட வருகிறவர்களும், பாடிக்கொண்டிருக்கும்போதே குரல் மாறியவர்களும் என்னிடம் தங்கள் பயத்தைச் சொல்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். பிறரைப் போலப் பாடிப் பழகுவதில் தப்பில்லை. நான் தொழில் கற்றது அப்படித்தான். ஆனால் இன்று உங்களிடம் இருக்கும் குரல் எந்தச் சுருதியில் சிரமமில்லாமல் நிற்கிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பாட்டை அங்கே கொண்டு வாருங்கள். பிறகு அந்த வரியை நீங்கள் ஒருவரிடம் எப்படிச் சொல்வீர்கள் என்று யோசியுங்கள். கிடைப்பது சின்னதாக இருந்தாலும் அது உங்களுடையது. ரெக்கார்டு போலப் பாடிய காலத்தில் என்னைப் பாராட்டியவர்கள் அந்த ரெக்கார்டைத்தான் பாராட்டினார்கள். இப்போது என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.