கரையில் நின்று ஏற்றிய பாய்

ஏடனில் மஅல்லாத் துறையில் என் புருஷன் அல்மாஸை ஊமை என்றே பலர் நினைத்திருந்தார்கள். பேசுவார், தேவைக்கு மேல் ஒரு சொல் வராது. நானோ லஹோஹ் ரொட்டி சுட்டு விற்கிற சோமாலிக்காரி, வாய் ஓயாதவள். எங்கள் ஜோடியைப் பார்த்துத் துறையே சிரிக்கும். சிரிக்கட்டும்.

அவர் பாடக்கூடியவர் என்பது எனக்கு மட்டும் தெரியும். சூர் ஊர்க்காரன், கலத்தலைவனான நகுதா ஹுமைதின் மரக்கலத்தில் முன்பு அவர் அடிமை, அதிலும் பாட்டுக்காரர். பாட்டுக்காரர் அடியெடுத்துக் கொடுத்தால்தான் அங்கே பாயேற்றும் வடம் நகரும். ஒருமுறை கலம் இங்கே நங்கூரமிட்டபோது, கடலில் குதித்து நீந்திவந்து வெள்ளைக்கார அதிகாரியின் ஆபீசில் போய் நின்றார். விடுதலை கிடைத்தது. ஆனால் அந்த விடுதலை கரையோடு சரி. தப்பியவர்களை ஆசை வார்த்தை சொல்லிக் கலத்தில் ஏற்றி, அப்படியே கொண்டுபோய்விட்ட கதைகள் துறையில் எத்தனையோ உண்டு. அதனால்தான் வாயைக் கட்டிக்கொண்டு, கரையேற்றிய படகுகளுக்கு அடியில் படுத்து அடிப்பலகைக்குச் சுறா எண்ணெய் பூசிக் காலம் தள்ளினார்.

அந்த வருடம் ஹுமைதின் கலம் வந்தது. கிளம்பும் நாளில், கரையை ஒட்டியே பாயேற்றத் தொடங்கினார்கள். புதுப் பாட்டுக்காரன் அடியைத் தப்பாக எடுத்தான். ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தார்கள். பாதி ஏறிய பாய் தடாலென்று சரிந்தது.

"ஐயோ, அங்க இல்லடா!" என்று ஒரு படகின் அடியிலிருந்து குரல் வந்தது. அடுத்த மூச்சில் சரியான அடியைப் பாடியே விட்டார் என் புருஷன்.

"டேய் அல்மாஸு! உசுரோடதான் இருக்கியா?" நகுதா தேனொழுகக் கூப்பிட்டான். "பழசெல்லாம் நான் மறந்தாச்சுப்பா. ஏறி வா, பாய ஏத்திக் குடுத்துட்டு எறங்கிடு."

"எறங்க விட்டுட்டுத்தான் மறுவேல பாப்பே!" என்று நகுதாவைப் பார்த்துக் கத்தினேன். "யோவ், அந்தக் கலத்துல கால வச்சே, அப்புறம் என்னை மறந்துடு!"

அவர் என்னைப் பார்க்கவில்லை. வடம் பிடித்திருந்த பழைய கூட்டாளிகளையே பார்த்தார். எல்லோரும் இன்னும் அடிமைகள். போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"காலு இங்கதான் இருக்கும் நகுதா," என்றார். "குரல் வரும்."

கணுக்கால் நனைய நின்று பாடினார். வடம் பிடிப்பவர்களைப் பெயர் சொல்லிக் கேலி செய்வது பாட்டுக்காரரின் உரிமை, அலுப்பு தெரியாதாம். "மர்ஸூக்கு, தோளு வலிக்குதா? கரையில கட்டில் கெடக்கு. ஃபைரூஸு, இங்க நெஞ்சளவு தண்ணிதான்டா!" வழக்கமான கேலிதானே என்று நகுதாவும் சிரித்தான்.

பாய் உச்சிக்கு ஏறிக் காற்றைப் பிடித்தது. கலம் விலகியது. அப்போது தொபுக்கென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. காற்றைப் பிடித்த கலத்தைச் சட்டென்று நிறுத்த முடியுமா? நகுதாவின் கத்தல் தூரத்தில் தேய்ந்தது.

அல்மாஸ் பாட்டை நிறுத்தவில்லை. நீந்தி வருகிறவர்களுக்குத் திசை தெரிய வேண்டுமே. அழுதுகொண்டே பாடினார். நான் மாவுக்கையோடு தண்ணீரில் இறங்கி, முதலில் வந்த ஃபைரூஸைப் பிடித்து இழுத்தேன்.

மணலில் மல்லாந்து கிடந்தவன் என்னைப் பார்த்துக் கேட்டான்: "அக்கா, இனிமே நான் யாரு வேலய செய்யணும்?"

அவன் முகத்து உப்புநீரை வழித்துவிட்டேன்.

"யாரு வேலயும் இல்ல. மொதல்ல மூச்சு விடுய்யா."