சில்லென்றிருந்த கூலர்

இதைக் கட்டுக்கதை என்று நினைக்கிறவர்கள் என் கடைக்கு வாருங்கள். முசரவாக்கம் போகிற ரோட்டில் மெக்கானிக் சிட்டிபாபு என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். என் வலது உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, அப்புறம் சொல்லுங்கள் நான் புளுகுகிறேன் என்று.

என் கடையில் சூடு பார்க்க மீட்டர் கிடையாது. கைதான். பழகின கை என்று எனக்குத் திமிர் வேறு.

என் வாடிக்கைக்காரன் பாண்டியன் ஆசைப்பட்டு வாங்கின பெரிய பைக்குக்கு ஆயில் கூலர் மாட்டிக் கொடுத்தது நான்தான். கூடவே தெர்மோஸ்டாட். அது கூலருக்குக் கதவு மாதிரி. ஆயில் சூடாகும்வரை மூடியிருக்கும். சூடேறினால் உள்ளே இருக்கிற மெழுகு விரிந்து கதவைத் திறக்கும். அப்போதுதான் ஆயில் கூலருக்குள் போய் ஆறி வரும். ஆக, தூரம் ஓடின வண்டியில் கூலர் சுட வேண்டும். சுடவில்லை என்றால் கதவு திறக்கவில்லை. இதெல்லாம் எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

ஒரு நாள் அவன் வேலூர் போய்விட்டு நேராகக் கடைக்கு வந்தான்.

"சிட்டிண்ணா, என்ஜின் கொதிக்குது. கூலர் மட்டும் சில்லுன்னு இருக்குது. கொஞ்சம் கை வெச்சுப் பாருண்ணா."

கடையில் கூட்டம். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூலர்னா சில்லுன்னுதான்பா இருக்கும். அடுப்பு மாதிரியா இருக்கும்? போ, போ."

எல்லோரும் சிரித்தார்கள். பாண்டியனும் சிரித்துக்கொண்டே போனான்.

அடுத்த வாரம் திருப்புட்குழி தாண்டி ஓடிக்கொண்டிருந்தபோது என்ஜின் இறுகி, பின் சக்கரம் அப்படியே நின்றுவிட்டது. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது.

போலீஸ்காரர்கள் பைக்கைத் திருப்பிக் கொடுத்ததும், அவன் மனைவி ரேவதி அதை என் கடையிலேயே கொண்டுவந்து இறக்கினாள்.

"ஏன் நின்னுச்சுன்னு பிரிச்சுப் பாத்து சொல்லுங்கண்ணா. அவரு மேலதான் தப்புன்னு ஊரே பேசிக்கினு இருக்குது."

"ஆயில் குறைஞ்சிருக்கும்மா. அவன்தான் பாக்காம ஓட்டியிருக்கான்."

பிரிக்காமலே சொன்னேன். செத்தவன் மேல் பழியைப் போட்டேன், பாவி. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கே, விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்ட் போனது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்தேன்.

டிக்... டிக்...

ஓடி நின்ற என்ஜின் ஆறும்போது வருகிற சத்தம். ஆனால் மத்தியானத்திலிருந்து கடையில் எந்த வண்டியையும் நான் ஸ்டார்ட் செய்யவில்லை.

டிக்... டிக்...

பாண்டியன் வண்டியிலிருந்துதான் வந்தது. அதில் பேட்டரியே இல்லை. நான்தான் கழற்றி வைத்திருந்தேன்.

கருகின ஆயில் வாசனை.

எழுந்து போய் என்ஜினைத் தொட்டேன். சில்லென்றிருந்தது. அப்பாடா என்று கையை எடுத்தேன்.

வரவில்லை...

மணிக்கட்டை யாரோ பிடித்திருந்தார்கள்.

ஈரமான விரல்கள்... கையை மெல்ல இழுத்தன... கூலர் பக்கம்...

"வேணாம்பா... பாண்டியா... வேணாம்..."



கூலர்மேல் வைத்து அழுத்தின.

சுட்டது...

கரண்ட் வந்தபோது தரையில் கிடந்தேன். யாரும் இல்லை. இடது கையால் கூலரைத் தொட்டுப் பார்த்தேன். சில்லென்றிருந்தது. வலது உள்ளங்கையில் மட்டும் கூலர் தகடுகளின் வரிகள், வரிவரியாகக் கொப்புளம்.

விடிந்ததும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, பக்கத்து டீக்கடையில் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எவ்வளவு கொதித்தும் திறக்கவே இல்லை. அந்தக் கூலருக்குள் சூடான ஆயில் ஒரு சொட்டுகூடப் போயிருக்க வழியில்லை. அப்படியானால் என்னைச் சுட்டது எது?

திருப்பருத்திக்குன்றத்தில் ரேவதி வீட்டுக்குப் போனேன். "தப்பு என்னுதும்மா. அவனுது இல்ல. அவன் அன்னிக்கே சொன்னான், நான் கை வெச்சுப் பாக்கல," என்று எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். மணிக்கட்டைப் பிடித்த அந்த விரல்களைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டவில்லை. என் கையில் சுற்றியிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆக்சிடென்ட் ஆன அன்னிக்கி, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி திருப்புட்குழிகிட்ட வண்டிய நிறுத்தி எனக்கு போன் பண்ணாருண்ணா. 'கூலர் இன்னும் சில்லுன்னுதான் இருக்குது. கேட்டா அண்ணன் கிண்டல் பண்றாரு. இந்தத் தடவ விடமாட்டேன், அவரு கையைப் புடிச்சு நானே வெச்சுக் காட்டறேன்'னாரு."