துபாய் மணி காட்டிய பட்டன்

காரைக்காலில் நான் செல்போன் கடை வைத்திருந்தபோது வந்த ஓர் அம்மா, வெள்ளைத் துப்பட்டிக்குள்ளிருந்து போனை எடுத்து நீட்டினார்.

"இந்த மேல் பட்டனை அமுக்குனா துபாய் மணி வரணும் தம்பி. மெனுவுக்குள்ள போய்த் தேட முடியல."

கணவர் அங்கே வேலையில் இருந்தார்.

"கையில வாட்ச் கட்டியிருக்கீங்களே, ஒன்றரை மணி நேரம் கழிச்சுக்கலாமேங்க?"

"கழிச்சுப் பாத்தா அது என் மணி. எனக்கு அவுங்க மணி வேணும்."

அந்தப் பட்டனை அமுக்கினால் உலகக் கடிகாரம் திறக்கும்படி வைத்துக் கொடுத்தேன். பிறகு ரீசார்ஜுக்கு வரும்போதெல்லாம் அவர் கட்டைவிரல் தானாக அதை அமுக்கும். மதியம் வந்தால், "இப்பத்தான் லுஹர் தொழுதிருப்பாங்க" என்பார். என்னிடம் சொல்வதுபோல் இருக்காது.

ஒருநாள் கணவரோடு வந்தார். கணவர் ஒரு ஹெட்போனைக் காதில் மாட்டிப் பாட்டுக் கேட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதும் இந்த அம்மாவின் விரல் பட்டனை அமுக்கியது.

"அதான் வந்துட்டாங்களே, பட்டனை வேற எதுக்காவது மாத்திடவாங்க?" என்றேன்.

"வேணாம் தம்பி. ரெண்டு மாச லீவுதான். கைப்பழக்கம் விட்டுப் போயிடும்."

ஹெட்போன் மாட்டியிருந்தவருக்கு அது கேட்டிருக்குமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.