விட்டுப்போன ‘கா’

மாதத்தின் முதல் வியாழக்கிழமை வெண்டெலின் புரெஷுக்குத் திருநாள். அன்றுதான் தபாலில் ‘கண்ணாடிக் குளம்’ வரும். தொட்டியில் வளர்க்கும் நன்னீர் மீன்களுக்கும் நத்தைகளுக்குமான மாத இதழ் அது. எங்கள் ஊரான பார்துபிட்சேயில் மீன் தொட்டி இல்லாத வீடு குறைவு. ஆனால் அந்த இதழை அட்டையிலிருந்து அட்டை வரை படிக்கிற மனிதர் அவர் ஒருவர்தான். ரயில் நிலையத்தில் முப்பத்தொரு வருஷம் பார்சல் சீட்டுகளைச் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். கையைக் கழுவி, ரொட்டியில் பன்றிக்கொழுப்பைத் தடவி, மேலே வெங்காயத்தை அரிந்து போட்டுக்கொண்டு, பென்சிலைச் சீவி வைத்துவிட்டுத்தான் முதல் பக்கத்தைத் திறப்பார். அதற்குப் பிறகு வீட்டில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவர் மனைவி க்வேதா திறப்பாள்.

“தொட்டியக் கழுவறது நான், தண்ணி மாத்தறது நான். படிக்கறது மட்டும் நீயா?”

“வீட்ல ஒருத்தராவது விஷயம் தெரிஞ்சவங்க வேணாமா?”

உண்மையைச் சொன்னால், மீனைப் பார்ப்பதைவிட மீனைப் பற்றிப் படிப்பதில்தான் அவருக்கு ருசி. அமேசான் பக்கத்து ஓடை ஒன்றில் விரல் நீள மீன் ஒன்றைப் புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றால், அன்று மாலை மாடிப்படியில் எதிரே வருகிறவர்கள் அவரிடமிருந்து தப்ப முடியாது. நத்தைப் பக்கத்தை இரண்டு முறை படிப்பார்.

இன்னொரு ருசியும் உண்டு. பிழை பிடிப்பது. இருபத்து நான்கு டிகிரி என்பது ஒரு முறை நாற்பத்திரண்டு என்று அச்சாகிவிட்டது. “இந்தச் சூட்டில் மீன் முட்டையிடாது, சூப்தான் ஆகும்” என்று எழுதிப்போட்டார். இன்னொரு முறை மீனின் படத்தைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள். அதற்கு இரண்டு பக்கக் கடிதம். இருபது வருஷத்தில் இருநூற்றுப் பதினோரு கடிதங்கள். எல்லாம் தட்டச்சில் அடித்தவை. ஒவ்வொன்றுக்கும் கார்பன் பிரதி எடுத்து, துளை போட்டு, கோப்பில் வைத்திருந்தார். தலைநகர் பிராகாவில் இருக்கும் இதழாசிரியர் இரேனா ஸ்லாமோவா அந்த உறைகளைப் பார்த்துப் பல்லைக் கடித்திருப்பார், சந்தேகமில்லை.

நாடு இரண்டாகப் பிரிந்த அந்த வருஷம், நவம்பர் கடைசியில், அதே ஸ்லாமோவாவிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பிழை திருத்துகிற பெரியவருக்குக் கண் மங்கிவிட்டது. பிப்ரவரி இதழிலிருந்து அந்த வேலையை நீங்கள் வீட்டிலிருந்தே செய்ய முடியுமா, உள் அட்டையில் உங்கள் பெயர் வரும் என்று எழுதியிருந்தார். புரெஷ் அதை மூன்று நாள் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். வாழ்நாளில் அவர் பெயர் எங்கேயும் அச்சானதில்லை. வேறு எதையும் அவர் இந்த அளவுக்கு ஆசைப்பட்டதும் இல்லை.

இதற்கிடையில் நத்தைகள் பெருகிவிட்டன. பகலெல்லாம் மணலுக்குள் புதைந்து கிடக்கும், திருகு கோபுரம் மாதிரி ஓடு உள்ள நத்தை அது. எங்கள் ஊரில் அதற்குப் பிஸ்கோர்கா என்று பெயர். பத்து வாங்கிப் போட்டது ஆயிரத்தைத் தாண்டிவிட்டது.

“ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்” என்றாள் க்வேதா.

அதனால் புரெஷ் இதழுக்கு ஒரு விளம்பரம் அடித்து அனுப்பியிருந்தார். அது டிசம்பரில் வெளிவந்தது. அவரோ தன் விளம்பரத்தில் என்ன இருக்கப்போகிறது என்று அந்தப் பக்கத்தை மட்டும் பார்க்காமல் புரட்டிவிட்டார்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அழைப்பு மணி அடித்தது. வாசலில் இயற்கைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து துசேக் என்கிற ஒல்லியான மனிதர், கையில் இதழோடு நின்றார்.

“புரெஷ் சார் நீங்கதானே? உங்ககிட்ட பிஸ்கோர் நூத்துக்கணக்குல இருக்காமே. இலவசமா வேற குடுக்கறீங்களாமே.”

பிஸ்கோர் என்பது வேறு. குளத்துச் சேற்றில் வாழ்கிற மீசை மீன். அழிந்துவருகிறது என்று சட்டம் போட்டுக் காப்பாற்றுகிறார்கள். ஒன்றைப் பிடித்து வைத்திருந்தாலே குற்றம்.

“அது மீன் இல்லீங்க, நத்தை! பிஸ்கோர்கா!”

“இதுல ‘கா’வக் காணோமே.”

துசேக் தொட்டிகளைப் பார்த்தார், கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு குளியலறைப் பக்கம் தண்ணீர் சளப்பென்று சத்தம் கேட்டது. அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“உள்ள என்ன?”

“கெண்டை” என்றாள் க்வேதா. “உங்க வீட்டுத் தொட்டியில இல்லையா? இருபத்து நாலாந்தேதி ராத்திரி நீங்க என்ன, முட்டைக்கோஸா சாப்பிடுவீங்க?”

கிறிஸ்துமஸ் விருந்துக்காக எங்கள் நாட்டு வழக்கப்படி உயிரோடு விட்டுவைத்த இரண்டரைக் கிலோ கெண்டை குளியல் தொட்டியில் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. துசேக் அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“எங்க வீட்லயும் இருக்கும்மா. நாலு நாளா நான் குளிக்கல.”

ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது ஒரு டப்பா நத்தையையும் க்வேதா அவர் கையில் திணித்து அனுப்பினாள்.

புரெஷுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கதவைச் சாத்திய கையோடு இருநூற்றுப் பன்னிரண்டாம் கடிதத்தை அடித்தார். கவனக்குறைவு, அலட்சியம், வெட்கக்கேடு. ஒரு வார்த்தை பாக்கியில்லை. விடுமுறை முடிந்ததும் ஸ்லாமோவாவே தொலைபேசியில் கூப்பிட்டார்.

“மன்னிச்சிடுங்க புரெஷ் சார். விளம்பரமெல்லாம் அடிக்கறது எங்க போஷெனா. பத்தொன்பது வருஷமா இருக்காங்க. தாள்ல இருந்ததத்தான் அடிச்சேன்னு சாதிக்கறாங்க. அந்தத் தாளு பழைய பேப்பரோட போயிடுச்சு, நான் எத வச்சுப் பாக்கறது? அவங்கள உறை ஒட்டற பிரிவுக்கு மாத்தப் போறேன். பிப்ரவரியிலேர்ந்து நீங்க வந்துடறீங்கல்ல?”

“வராம!” என்றார் புரெஷ்.

சந்தோஷமாகக் கோப்பை எடுத்து, இருநூற்றுப் பன்னிரண்டாம் கடிதத்தின் பிரதியை உள்ளே மாட்டினார். அதற்கு முந்தின தாள் விளம்பரத்தின் பிரதி. சும்மா ஒரு பார்வை பார்த்தார். முதல் வரியின் கடைசியில் ‘பிஸ்கோர்’ என்று இருந்தது. அதை ஒட்டி ஓர் இணைப்புக் கோடு. அடுத்த வரி ‘நூற்றுக்கணக்கில், இலவசம்’ என்று தொடங்கியது. வரி முடிகிற மணி அடித்ததும் வார்த்தையைப் பாதியில் உடைத்து, உருளையைத் தள்ளியவர், மீதியை அடிக்க மறந்திருக்கிறார்.

அவர் உட்கார்ந்துவிட்டார். க்வேதா வந்து எட்டிப் பார்த்தாள்.

“இது யாருக்கும் தெரியாது” என்றார்.

“போஷெனாவுக்குத் தெரியுமே.”

சொல்லிவிட்டு அவள் உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். புரெஷ் இரண்டு நாள் சாப்பாட்டில் குறை சொல்லவில்லை, ரேடியோக்காரனின் உச்சரிப்பைக்கூடத் திருத்தவில்லை. மூன்றாம் நாள் காலை ரயிலில் பிராகாவுக்குக் கிளம்பினார்.

போஷெனா ஐம்பதைத் தாண்டிய, கனத்த கண்ணாடி போட்ட பெண். இதழ் அலுவலகத்தில் தன் மேஜை இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். அவர் தன் பெயரைச் சொன்னதும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“ஓ, நீங்கதானா அது? இன்னும் என்ன விட்டுப்போச்சாம்?”

அவர் கார்பன் தாளை நீட்டினார். அவள் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, கோடு இருந்த இடத்தில் ‘கா’ என்று எழுதி, ஒரு வட்டம் போட்டாள்.

“இத நீங்க கிழிச்சுப் போட்டிருக்கலாமே, சார்.”

“கிழிக்கத்தான் நெனச்சேன்.”

அவள் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஸ்லாமோவாவின் அறைக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, யாரும் கூப்பிடாததால் ரயிலுக்குத் திரும்பினார்.

பிப்ரவரி முதல் வியாழன் இதழ் வந்தது. கை கழுவவில்லை, பென்சிலைச் சீவவில்லை, நேராக உள் அட்டையைத் திறந்தார். ‘பிழை திருத்தம்: போஷெனா ரிஹ்லா’ என்று இருந்தது. தன் பெயர் வேறு எங்காவது இருக்குமோ என்று இதழை முன்னும் பின்னும் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், டிசம்பர் விளம்பரத்தின் பிழை தன்னுடையதே என்று வாசகர் புரெஷ் தெரிவிக்கிறார் என்று ஒரு வரி. ஆசைப்பட்டபடி அவர் பெயரும் அச்சாகிவிட்டது.

அப்புறம் பென்சிலைச் சீவினார். இந்தப் போஷெனாவுக்கு என்ன தெரியும் பார்க்கிறேன் என்று தலைப்பிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை தேடினார். இருட்டும்வரை தேடினார்.

“என்ன, ஒண்ணும் மாட்டலயா?” என்றாள் க்வேதா.

“ஒண்ணும் மாட்டல.”

தட்டச்சை மேஜைக்கு இழுத்து, இருநூற்றுப் பதின்மூன்றாம் கடிதத்தை அடித்தார். போஷெனா ரிஹ்லா அம்மாவுக்கு என்று தொடங்கி ஒரே ஒரு வரி: ‘பிப்ரவரி இதழில் பிழை எதுவும் இல்லை.’

உறையை ஒட்டுவதற்கு முன் அதை நான்கு தடவை படித்துப் பார்த்தார்.