மாமா குரலில் கூப்பிட்ட முனி

எங்கள் ஊர்ப் பாறையில் இருக்கும் முனி என்னைவிட வயதில் சிறியது. இன்று அதற்குச் சூலமும் மணியும் சிமெண்டு மேடையும் வந்துவிட்டன. கோட்டை பார்க்க வருகிறவர்களிடம், ராஜா காலத்துக்கும் முந்திய முனி என்று சொல்லித் திருநீறு கொடுக்கிறார்கள். வாங்கிப் பூசிக்கொள்வதில் தப்பில்லை. ஆனால் அது பிறந்தபோது நான் இரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அதைப் பெற்றவர் என் அப்பா. ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. மலையும் கோட்டையும் பார்க்க இன்னமும் ஆட்கள் வருகிறார்கள். அங்கே இருப்பவர்களின் பிழைப்பை நான் எதற்குக் கெடுக்க வேண்டும்?

அப்பா அந்த ஊர் ஸ்டேஷனில் ஏட்டு. சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. பாறைக்கு அடியில் போலீஸ்காரர்களுக்கென்று வரிசையாகக் கட்டியிருந்த ஓட்டு வீடுகளில் கடைசி வீடு எங்களுடையது. சமையல்கட்டுச் சன்னலைத் திறந்தால் பாறைதான் தெரியும். வானம் பார்க்க வேண்டுமென்றால் வாசலுக்குப் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சியிலிருந்தும் காரைக்குடிப் பக்கமிருந்தும் கார்கள் வரும். சலவை வேட்டியும் செண்ட் வாசனையுமாக இறங்கும் பெரிய மனிதர்கள், கோட்டை பார்க்க வந்திருப்பதாகச் சொல்வார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கோட்டைப் படியில் ஏறி நான் பார்த்ததில்லை. பாறையைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்விடுவார்கள். அங்கே தண்ணீர் வற்றிப்போன பெரிய சுனை ஒன்று இருந்தது. அந்தப் பள்ளத்தில்தான் சேவல்கட்டு நடந்தது, காலில் கத்தி கட்டி விடுகிற கட்டு. சர்க்கார் தடை செய்த அந்தக் காரியம் எந்தக் குறையும் இல்லாமல் நடக்கும்படி பார்த்துக்கொள்வது, சர்க்கார் சம்பளம் வாங்கிய என் அப்பாவின் பொறுப்பு. இன்ஸ்பெக்டருக்கும் அதில் பங்கு உண்டு. கேஸே இல்லாவிட்டால் மேலிடத்தில் கேட்பார்களே என்று அவ்வப்போது இரண்டு பேர் குளித்து, திருநீறு பூசி, கைதாவதற்காக எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். ஏதோ சீட்டாடிய கேஸ் என்று அம்மா நினைத்துக்கொள்வாள். ஸ்டேஷனுக்குக் கிளம்பும் முன் அவர்களுக்கு மோர் கொடுப்பாள்.

இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிய வந்தவை. அந்த வயதில் எனக்கும், அம்மாவுக்கும்கூட, தெரிந்தது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை உச்சி வேளையில் பாறை கூவும்.

உண்மையாகவே கூவியது. கடைத்தெரு அடங்கி, நாய்கள் நிழலுக்குப் போய்ச் சுருண்டுகொண்ட நேரத்தில், அந்தப் பெரிய கல்லுக்குள்ளிருந்து ஒரு சேவல் கூவும். சுனையின் சுவர்களில் முட்டி வருவதால் அது எந்தப் பக்கமிருந்து வருகிறதென்றே சொல்ல முடியாது. அது என்ன என்று ஊரில் ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் அப்பா முனியைப் பெற்றார். உச்சி வேளையில் முனி சேவலாகிக் கூவுகிறது, வெயில் சாயும்வரை பாறைப் பக்கம் யாரும் தலைகாட்டக் கூடாது, கதவைத் திறக்கவும் கூடாது என்று டீக்கடையில் இரண்டு போலீஸ்காரர்களிடம் சொன்னார். மறு ஞாயிறே தெருவெல்லாம் கதவுகள் சாத்திக் கிடந்தன. எங்கள் வீட்டில் ஓட்டு இடுக்கு வழியாகத் தரையில் விழும் வெயில் வட்டம்தான் கடிகாரம். அது நகர்ந்துபோய் ஆட்டுக்கல்லைத் தொட்டால் முனி போய்விட்டது என்று அர்த்தம்.

ஆனால் கட்டு என்றால் கூச்சல் இல்லாமல் இருக்குமா? ஒரு ஞாயிற்றுக்கிழமை தச்சர் வீட்டு அம்மாள் ஒருத்தி பாறைக்குள்ளிருந்து தன் புருஷன் கத்துவதைக் கேட்டுப் பதறி ஓடியிருக்கிறாள். பாதி வழியில் அப்பா அவளைத் தடுத்துத் திருப்பி அனுப்பினார். அன்று சாயங்காலமே முனிக்கு இன்னொரு குணம் சேர்ந்தது. அது தெரிந்தவர்கள் குரலில் கூப்பிடும். ஏட்டுக்குப் படிப்பு குறைவு என்றாலும் புத்தி அதிகம் என்று இன்ஸ்பெக்டர் மெச்சிக்கொண்டாராம்.

அம்மா பயந்த சுபாவம் உள்ளவள் இல்லை. ஆனால் அப்பா சொன்னால் நம்புகிறவள். அவளுடைய தம்பி, என் மாமா, ஆலங்குடிப் பக்கம் கடலைக்காட்டை விட்டுவிட்டு எங்கள் ஊரில் வந்து தங்கியிருந்தார். வருகிறவர்களுக்குக் கோட்டையைச் சுற்றிக் காட்டுகிற வேலை என்று அம்மாவிடம் அப்பா சொல்லியிருந்தார். ஞாயிறு பொழுது சாய்ந்ததும் மாமா உரித்த கோழி ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பின்கதவில் வந்து நிற்பார். “அக்கா” என்பதை அவரைப்போல் இழுத்துக் கூப்பிட யாராலும் முடியாது. கடைசி எழுத்து தெருமுனை வரை போய்த் திரும்பி வரும். வந்தவர்கள் ஆக்கச் சொன்னதில் மிச்சம் என்று கோழியைக் கொடுப்பார். கறி கறுத்து, நார் நாராக இருக்கும். நானும் மாமாவும் போட்டி போட்டுக்கொண்டு எலும்பைக் கடிப்போம். சேவல்கட்டில் தோற்றுச் செத்த சேவலின் கறி அது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஒருமுறை பாறைக்குள்ளிருந்து மாமாவின் குரலே கேட்டுவிட்டது. “விடு, விடு” என்று யாரையோ அதட்டியது. அம்மா அன்று முழுதும் சரியாக இல்லை. சாயங்காலம் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார்.

“முனிய நான் பாத்திருக்கேன்க்கா. பாக்க என்னய மாதிரியேதான் இருக்கும்” என்றார்.

அம்மா அவர் தலையில் குட்டி, அப்படியெல்லாம் பேசாதே என்றாள்.

அது பங்குனி மாதம். கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் நானும் உள்ளே உட்கார்ந்திருந்தோம். பாறை வழக்கம்போல் கூவியது, வழக்கம்போல் இரைந்தது. திடீரென்று எல்லாச் சத்தமும் ஒன்றாக நின்றுபோயிற்று. கொஞ்ச நேரத்தில் கார்கள் கிளம்பின. என்றைக்கும் ஒன்று ஒன்றாகப் போகிறவை அன்று ஒரே மூச்சில் போயின. அப்புறம் எதுவுமே கேட்கவில்லை. அப்படி ஒரு நிசப்தத்தை நான் அதற்குப் பிறகு எங்கும் கேட்டதில்லை. வெயில் வட்டம் ஆட்டுக்கல்லுக்கு வெகு தூரத்தில் இருந்தது.

பின்பக்கம் சரளையில் எதையோ இழுக்கிற மாதிரி ஒரு சத்தம். பிறகு, “அக்கா.”

இழுப்பு இல்லை. சின்னதாகக் கூப்பிட்டது. அம்மா எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

“யாரு?”

“நான்தான்க்கா. கதவத் தொற.”

பயத்தோடு பயமாக, எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. ஊரே பேசிக்கொள்கிற முனி எங்கள் வீட்டுக்கே வந்திருக்கிறது, மாமா மாதிரியே எவ்வளவு அழகாகப் பேசுகிறது என்று நினைத்தேன். அம்மா திரும்பித் தரையில் கிடந்த வெயிலைப் பார்த்தாள். கையைத் தாழ்ப்பாளிலிருந்து எடுத்துக்கொண்டாள்.

“தண்ணி குடுக்கா” என்றது குரல்.

முனிக்குத் தாகம் எடுக்குமா என்று அம்மாவிடம் ரகசியமாகக் கேட்டேன். அவள் என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு என் காதுகளைப் பொத்தினாள். பொத்திய கைகளையும் மீறி, கதவில் ஏதோ பிறாண்டுவது கேட்டது. முதலில் தாழ்ப்பாள் உயரத்தில் கேட்டது, பிறகு தரையை ஒட்டிக் கேட்டது. “பாப்பா” என்று என்னையும் ஒருதரம் கூப்பிட்டது. பக்கத்து வீடுகளில் ஒரு கதவும் திறக்கவில்லை. அவர்களும் காதைப் பொத்திக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். அம்மா வாய்க்குள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். பிறகு வெளியே சத்தம் இல்லை.

வெயில் ஆட்டுக்கல்லைத் தொட்டதும் அம்மா போய்க் கதவைத் திறந்தாள்.

மாமா படியில் கதவோடு சாய்ந்திருந்தார் போலும். கதவு திறந்ததும் உள்ளே சரிந்தார். தொடையில் கட்டியிருந்த துண்டும் வேட்டியும் ஒரே நிறமாக இருந்தன. அவர் மணிக்கட்டில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில், கறுப்பும் சிவப்புமாக ஒரு சேவல் நின்றுகொண்டிருந்தது. அதன் காலில் விரல் நீளத்துக்கு ஒரு கத்தி நூலால் வரிந்து கட்டப்பட்டிருந்தது. அது எங்களைக் கண்டு பயப்படவில்லை. தலையைச் சாய்த்து எங்களைப் பார்த்தது. பிறகு கழுத்தை நீட்டிக் கூவியது.

ஞாயிறு தவறாமல் பாறைக்குள்ளிருந்து கேட்ட அதே கூவல்.

தம்பியைத் தூக்கக் குனிந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். சேவலைப் பார்த்தாள், கத்தியைப் பார்த்தாள், எதிரே நின்ற பாறையைப் பார்த்தாள். பிறகு உட்கார்ந்து மாமாவின் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் போட்டு அழவில்லை. நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். மாமாவை அடித்துப்போட்ட முனி, சேவல் ரூபத்தில் எங்களையும் பார்த்துப் போக வந்திருக்கிறது என்று நினைத்தேன். வெகு காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நடந்தது வேறு. சுனையில் சேவல் விடுகிறவர் மாமாதான். ஜெயித்த சேவலை அவர் தூக்கியபோது அது உதைத்ததில் கத்தி தொடையில் இறங்கிவிட்டது. ரத்தத்தைக் கண்டதும் பெரிய மனிதர்கள் கார்களுக்கு ஓடினார்கள். ஒரு கார்கூட யார் கண்ணிலும் படாமல் ஊரைத் தாண்ட வேண்டுமே என்ற கவலை அப்பாவுக்கு. சின்ன வெட்டு என்றுதான் எண்ணியிருக்கிறார். அக்காகிட்டப் போ, கட்டுப் போட்டுவிடுவாள் என்று மாமாவை அனுப்பிவிட்டுக் கார்களோடு போய்விட்டார். தான் சாத்திவைத்த கதவுக்குத் தானே அனுப்பினார். கார்களை வழியனுப்பிவிட்டு நிதானமாக நடந்து வந்தவர், பின்வாசலைப் பார்த்ததும் தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை.

பாறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனார் என்று ஸ்டேஷனில் முடித்துவிட்டார்கள். முனி அடித்துவிட்டது என்று ஊரில் முடித்துவிட்டார்கள். இரண்டில் எதையும் அப்பா மறுக்கவில்லை. சேவலை இன்ஸ்பெக்டரின் ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனான். ஜெயித்த சேவல் அல்லவா? சில ஞாயிற்றுக்கிழமைகள் பாறை சும்மா இருந்தது. பிறகு மறுபடியும் கூவத் தொடங்கியது. ஊர்க்காரர்கள் பயந்துபோய்ப் பாறை அடியில் ஒரு கல்லை நட்டுப் பூசை போட்டார்கள். அப்பாவும் போய் விழுந்து கும்பிட்டார். ஊருக்காகக் கும்பிட்டாரா, உண்மையாகவே பயந்துதான் கும்பிட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் புதிதாக வந்தது. அப்பா எந்த வேளையில் வந்து கதவைத் தட்டினாலும் அம்மா உடனே திறக்க மாட்டாள். உள்ளேயிருந்து யாரு என்று கேட்பாள். நான்தான் என்பார் அப்பா.

“முனியும் அப்புடித்தாங்க சொல்லும்” என்பாள் அம்மா.

சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அரிசி களைவாள், அடுப்பில் விறகைத் தள்ளிவிடுவாள். ஊரையே அதட்டுகிற அப்பா வெயிலில் நிற்பார். அம்மா இன்னும் முனிக்குப் பயப்படுகிறாள் என்று எனக்குப் பாவமாக இருக்கும். சன்னலில் ஏறி எட்டிப் பார்ப்பேன். “பயப்படாதம்மா, நெசமாவே அப்பாதான். காலு தரையில படுது” என்று சாட்சி சொல்வேன்.

“தெரியும்த்தா” என்பாள்.

தெரிந்தும் ஏன் திறக்க மாட்டேன் என்கிறாள் என்பதுதான் எனக்கு அப்போது விளங்கவில்லை.