பொம்பிளைக் காரும் ஒரு நட்டும்

சின்ன மாமியின் கலியாணத்தன்று எங்கள் கார் வெடித்து, அவர் கூறைச்சேலையோடு மிச்சத் தூரத்தை வானத்தில் பறக்கப்போகிறார் என்று உறுதியாக நம்பியவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். அப்போது எனக்குப் பதினொரு வயது.

சின்ன மாமி அப்பாவின் கடைசித் தங்கை. லண்டனில் வந்து இறங்கிய அன்று அப்பாவின் சின்னக் காரில்தான் வீட்டுக்கு வந்தார். கலியாணப் பொம்பிளையாக மண்டபத்துக்குப் போவதும் அதில்தான் என்று அடம்பிடித்தார். ஆனால் அந்தக் கார் என்னைவிட வயதில் மூத்தது. ஓடும்போது டகடகவென்று அடிக்கும். அதோடு, மூத்த தமையன் இருக்க இளையவனின் காரில் பொம்பிளை போவது எங்கள் குடும்பத்தில் நடக்காத காரியம். பெரியப்பா இதற்கென்றே ஜெர்மனியிலிருந்து ஒரு மினுங்கும் காரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"உன்ரை காரிலை போனா தவிலுக்கு ஆள் தேவையில்லை. என்ரை கார் சத்தமே போடாது" என்றார் கலியாணத்துக்கு முதல்நாள்.

கலியாணச் சனிக்கிழமை விடிய, எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்கையில், அப்பா என்னை எழுப்பினார். எஞ்சினின் மேல்மூடியைக் கழற்றினார். வால்வுகளுக்கு மேலே உள்ள இடைவெளி கூடிப்போனதால்தான் அந்தத் தவில்; அதைக் குறைக்கவேண்டும். டொப் கியரில் நின்ற காரை நான் அரக்கி அரக்கித் தள்ள, எஞ்சின் மெல்லச் சுழன்றது. அப்பா ஒவ்வொரு இடைவெளிக்குள்ளும் மெல்லிய தகடொன்றை விட்டு இழுத்துப் பார்த்தார்.

"நில்லு. இன்னும் கொஞ்சம். கழுதை, அவ்வளவு இல்லை."

கடைசி வால்வில் தகட்டை என்னிடம் தந்தார். "இழுத்துப் பார். எப்பிடி?"

"வருது. ஆனா மனமில்லாமல் வருது."

"அதுதான் அளவு" என்று இறுக்கினார்.

மூடியைப் பூட்டி, திறப்பைத் திருப்பி எஞ்சினைக் கிளப்பினால், அம்மாவின் தையல் மெசின்கூட அவ்வளவு பதமாக ஓடியதில்லை. எனக்கு நெஞ்சு விம்மியது. குளித்து, கோட்டு மாட்டி, மறுபடி வாசலுக்கு வந்தேன். இரண்டு கார்களுக்கும் நடுவே நிலத்தில் ஒரு நட்டு கிடந்தது.

அப்பா பூட்ட மறந்த நட்டு. சொன்னால் மறுபடி எஞ்சினைத் திறக்கவேண்டும், ஒன்பது மணிக்கு ராகுகாலம், பொம்பிளை பெரியப்பாவின் காரில் போய்விடுவார். சொல்லாவிட்டால் வெடிக்கும். நான் நட்டைக் காற்சட்டைப் பைக்குள் போட்டேன். மூளையையும் கூடவே போட்டுவிட்டேன் போலிருக்கிறது.

மாமி மாலையோடு வந்தார். பெரியப்பா தன் காரின் திறப்பைத் திருப்பினார். ஒன்றுமில்லை. மறுபடியும் ஒன்றுமில்லை.

"சத்தமே போடாது எண்டனீங்கள், அண்ணை. உண்மைதான்" என்றார் அப்பா. வாசலே சிரித்தது.

யாரோ பொனட்டைத் திறக்கப் போனார். பெரியப்பா தடுத்தார். "வேட்டியோடை பொனட் திறக்கிறேல்லை. ராகுகாலம் வரப்போகுது. தம்பியின்ரை காரிலை ஏத்துங்கோ." தமையனே சொன்னபிறகு யார் மறுப்பது?

காரின் சில்லுக்கு அடியில் அம்மா வைத்த எலுமிச்சம்பழம் நசிந்த சத்தத்துக்கே நான் மாமியின் மடியில் விழுந்தேன். சிவப்பு விளக்குக்கு ஒரு தேவாரம் வீதம் பாடினேன்.

"என்னடா, செத்த வீட்டுக்கே போறம்?" என்றார் மாமி.

டூட்டிங்கில் கலியாண மண்டப வாசலில் மேளகாரர் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். கார் வந்து நின்றது அவர்களுக்குக் கேட்கவேயில்லை. அப்பா இறங்கிப்போய்த் தோளில் தட்டி, "பொம்பிளை வந்திட்டா, தவிலை இனி நீங்கள்தான் அடிக்கவேணும்" என்றார். அவர் அப்படி நிமிர்ந்து நடந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

பந்தியில் பெரியப்பாவிடம் நட்டை இரகசியமாகக் கொடுத்தேன். "அப்பா இதைப் பூட்ட மறந்திட்டார். சொல்லிப்போடாதேங்கோ."

அவர் நட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேட்டி மடிக்குள் செருகினார். "ஓம். நீயும் சொல்லாதை" என்று தன் பாயசத்தை என் பக்கம் தள்ளிவிட்டார். பின்னேரம் அவருடைய கார் முதல் திருப்பிலேயே ஓடியது. ஓய்வெடுத்ததும் சுகமாகிவிட்டது என்று நினைத்தேன்.

அந்த நட்டுக்கு எங்கள் எஞ்சினில் இடமே கிடையாது என்பதும், அது பற்றரி வயரைக் கவ்விப் பிடிக்கும் நட்டு என்பதும், பெரியப்பா அன்று காலை வேட்டியோடுதான் தன் காரின் பொனட்டைத் திறந்து அதைக் கழற்றியிருந்தார் என்பதும் எனக்கு விளங்க, சொந்தக் காருக்குப் பற்றரி மாற்றுகிற வயது வரவேண்டியிருந்தது.